காட்டொளியின் வகைகள்: மனப்பதிவிய முறையில் கானகக் காட்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டல்

1. பொருளும் எல்லையும்

கானகக் காட்சி என்று இக்கட்டுரையில் நாம் குறிப்பது காட்டைத் தொலைவிலிருந்து பார்க்கும் காட்சியை அன்று. மரங்களுக்கு நடுவிலோ தோப்பின் விளிம்பிலோ நின்று, தலைக்கு மேல் கிளைகள் கவிய, அடிமரங்களின் ஊடே பார்க்கும் காட்சியே அது. மலையும் கடலும் திறந்த வயலும் இந்த எல்லைக்கு வெளியே நிற்கும்.

மனப்பதிவியம் என்பது இம்ப்ரெஷனிசம் என்று வழங்கும் ஓவிய இயக்கம். 1874 ஏப்ரலில் பாரிஸில், புகைப்படக் கலைஞர் நாதார் பயன்படுத்திவந்த கூடத்தில் நடந்த கண்காட்சியை ஒட்டி அதற்கு அப்பெயர் வந்தது. பெயர் கேலியாகப் பிறந்தது என்பதையும், ஓவியர் மொனேயின் ஓர் ஓவியத் தலைப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கலை வரலாறு படித்தோர் அறிவர். நமக்கு வேண்டியது அதன் செய்முறை இலக்கணம். பொருளின் நிலைத்த நிறத்தை விட்டுவிட்டு, குறிப்பிட்ட ஒரு நேரத்து ஒளியில் அது கண்ணுக்குத் தரும் நிறத்தை, தூரிகைத் தடம் மறையாதபடி பக்கம் பக்கமாக வைத்துக் காட்டும் முறை என்று அதை வரையறுப்போம். விரைவு இந்த வரையறையில் இடம்பெறவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம், காரணம் ஆறாம் பிரிவில் தெரியும்.

நம் கருத்து இது: கானகத்தைத் தீட்டுபவர் காட்சியை மரம், இலை, தரை என்று பொருள்வகையால் பிரித்தால் ஓவியம் தோற்கும்; ஒளிவகையால் பிரித்தால் மட்டுமே நிற்கும். திறந்த வெளியில் இரண்டு பிரிவும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைவதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. காட்டுக்குள் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

2. பொருட் காரணங்கள்

பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோந்தேன்புளோ காட்டுக்கு 1849-இல் ரயில் வந்தது. 1841-இல் ஜான் கோஃப் ரேண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கத்தக்க தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிச் சுமந்தார்கள். உலோகப் பூண் போட்ட தட்டையான பன்றிமயிர்த் தூரிகையும் அதே நூற்றாண்டுக்கு உரியதே. இம்மூன்றும் சேர்ந்ததால் மனப்பதிவியம் பிறந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இதை அப்படியே ஏற்பதற்கில்லை. பார்பிசோன் கிராமத்தில் தங்கி அதே காட்டைத் தீட்டிய தியோதோர் ரூசோவின் கைக்கும் குழாய் வண்ணம் எட்டியது. அவருடைய காடோ பழுப்பும் கருமையும் கலந்த பழைய காடாகவே இருந்தது. குழாய் இன்றியமையாத காரணம். போதிய காரணம் அன்று.

போதிய காரணத்தை இரண்டு இடங்களில் தேட வேண்டும். முதலாவது, அடிப்பூச்சு. கித்தானின்மேல் முதலில் பூசும் நிறம் கரும்பழுப்பிலிருந்து வெளிர்சாம்பலுக்கும் பாலேட்டு நிறத்துக்கும் மாறியது. கரிய அடிப்பூச்சின்மேல் வேலை செய்பவர் இருளைத் தொடக்கமாகக் கொண்டு ஒளியைக் கூட்டிக்கொண்டே போகிறார். வெளிர்பூச்சின்மேல் வேலை செய்பவருக்கு நடுத்தர ஒளி முன்னமே கிடைத்துவிடுகிறது. நிழலையும் அவர் நிறமாகவே வைத்தாக வேண்டும். இரண்டாவது, புதிய வண்ணங்கள். 1802-இல் தெனார் உருவாக்கிய கோபால்ட் நீலம், 1820-களின் இறுதியில் கீமே செய்த செயற்கை அல்ட்ராமரின், 1859-இல் கினே காப்புரிமை பெற்ற விரிடியன் பச்சை, காட்மியம் மஞ்சள் ஆகியவை அவை. மொனே 1905-இல் தம் வணிகர் துராந்-ருவேலுக்கு எழுதிய கடிதத்தில் தாம் பயன்படுத்தும் வண்ணங்களைச் சொல்கிறார்: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், சாதிலிங்கச் சிவப்பு, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து எடுக்கும் ஆழ்சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன். ஆறே வண்ணம். கறுப்பும் இல்லை, மண்நிறங்களும் இல்லை. கானகத்துக்கு இந்த ஆறு போதும் என்பதே நம் முடிவும்.

3. காட்டொளியின் வகைகள்

காட்டுக்குள் கண்ணை வந்தடையும் ஒளி நான்கு வகைப்படும். அவற்றை நேரொளி, வானொளி, ஊடொளி, எதிரொளி என்று பெயரிடுவோம்.

நேரொளி சூரியனிலிருந்து தடையின்றி விழுவது; வெம்மை நிறம் கொண்டது. வானொளி நீல வானத்திலிருந்து சிதறி வருவது. தண்மை நிறம் கொண்டது. வெயில் படாத இடமெல்லாம் இருட்டாகிவிடாமல் காப்பது இதுதான். ஊடொளி இலையைத் துளைத்து மறுபுறம் வெளிப்படுவது. எதிரொளி தரையிலோ அடிமரத்திலோ பட்டுத் திரும்பி, பட்ட பொருளின் சாயலைச் சுமந்துவருவது.

ஓர் இலையை அருகிலிருந்து பார்த்தால் நான்கும் விளங்கும். வெயில் படும் பீச் மர இலையின் மேற்புறம் பச்சையாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அதன் மெழுகுத்தோல் வானத்தைப் பிரதிபலிக்கிறது. சில கோணங்களில் அது நீலச்சாம்பலாகவும் ஏறக்குறைய வெண்மையாகவும் தெரியும். அதே இலையைச் சூரியனுக்கு எதிராகப் பிடித்துக் கீழிருந்து பார்த்தால் மஞ்சள் கலந்த செறிந்த பச்சை ஒளிரும். மேற்புறப் பளபளப்பு கலக்காததால் ஊடொளிதான் காட்டின் பச்சைகளில் மிகத் தூய்மையானது. நிழலில் தொங்கும் இலை வானொளியை மட்டும் பெற்றுக் குளிர்ந்த, மங்கிய பச்சையாகிறது. வெயில் பட்ட சருகுத் தரைக்கு மேலே தாழ்ந்திருக்கும் இலையின் அடிப்புறத்தில் எதிரொளி ஏறிச் செம்மஞ்சள் சாயல் தெரியும். ஒரே மரத்தில், ஒரே நேரத்தில், நான்கு பச்சை. ‘இலைப்பச்சை’ என்று ஒன்றைத் தட்டில் கலந்து வைத்துக்கொண்டு தொடங்குபவர் இந்த நான்கில் மூன்றைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகிறார்.

பச்சையைவிட நேரொளியின் ஒரு வடிவம் இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது: இலைக்கூரையின் இடுக்கு வழியே தரையில் விழும் வெளிச்சத் திட்டு. அதை வெயிற்பொட்டு என்போம். இடுக்குகள் எந்த வடிவிலும் இருக்கலாம். பொட்டுகளோ வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் விழும். ஓட்டு வீட்டுக் கூரையின் சந்து வழியே தரையில் வட்டமாக விழும் வெயிலை நம்மில் பலர் சிறுவயதில் கையில் பிடிக்க முயன்றதுண்டு. காட்டில் நிகழ்வதும் அதுவே. ஒவ்வொரு பொட்டும் ஊசித்துளை உருவாக்கும் சூரியப் பிம்பம். சூரிய கிரகணத்தன்று மரத்தடிப் பொட்டுகள் எல்லாம் பிறையாகிவிடுவது இதனால்தான்.

இதிலிருந்து ஓவியருக்குப் பயன்படும் மூன்று அளவுகள் கிடைக்கின்றன. சூரியனின் தோற்றக் கோணம் ஏறத்தாழ அரைப் பாகை. எனவே இடுக்குக்கும் தரைக்கும் உள்ள தொலைவு 16 மீட்டர் எனில் பொட்டின் அகலம் ஏறத்தாழ 15 செ.மீ.; உயர்ந்த மரத்தின் கீழ் பெரிய, மங்கிய பொட்டும், தாழ்ந்த கிளையின் கீழ் சிறிய, கூரிய பொட்டும் விழும். இரண்டாவதாக, சூரியன் சாயச் சாயப் பொட்டு நீளும்: சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு. ஃபோந்தேன்புளோ ஏறத்தாழ 48 பாகை வட அகலாங்கில் இருப்பதால் கோடையின் உச்சி நண்பகலிலும் அங்கே சூரியன் 65 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. நம் ஊரிலோ தலைக்கு நேர்மேலே வந்துவிடும். பிரெஞ்சு ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கை நம் தோப்பைத் தீட்டும்போது, நண்பகலுக்கும் நீள்பொட்டு வைத்துவிடும் ஆபத்து உண்டு.

மூன்றாவது அளவே நம் வாதத்துக்கு முதன்மையானது. சூரியன் தன் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நிமிடம் போதும். ஆகவே ஒவ்வொரு வெயிற்பொட்டும் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. வேறோர் இலை குறுக்கிட்டால் மறைந்தும்விடுகிறது. ஒரு பொட்டைப் பார்த்து, வண்ணம் கலந்து, கித்தானில் வைப்பதற்குள் அந்தப் பொட்டு அங்கே இருக்காது. பார்த்துப் படி எடுப்பது இயலாத செயல். பொட்டுகளின் வகையை, அதாவது அவற்றின் அளவு, சாய்வு, விளிம்பின் கூர்மை, நிறம் ஆகியவற்றை அறிந்துகொண்டு, ஓவியத்தின் தேவைக்கேற்ப அவற்றை ஓவியரே இட்டு அமைக்க வேண்டும். கண்டதை அப்படியே வரைந்தவர்கள் என்று மனப்பதிவியரைப் பற்றி நிலவும் எண்ணம் காட்டுக்குள் நுழைந்ததும் நொறுங்கிப்போகிறது.

மொனே இதை விலை கொடுத்துத்தான் கற்றார் எனலாம். 1865-இல் ஃபோந்தேன்புளோ விளிம்பிலுள்ள ஷாயி கிராமத்தில் தங்கி, ‘புல்வெளியில் விருந்து’ என்ற பேரோவியத்துக்கான முன்வரைவுகளைச் செய்தார். நான்கு மீட்டருக்கு மேல் உயரமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட கித்தானைப் பாரிஸ் கூடத்தில் நிறுத்தித் தீட்டத் தொடங்கி, 1866-இல் கைவிட்டார். பின்னர் அது வீட்டு உரிமையாளரிடம் ஈடாகக் கிடந்து ஈரத்தில் கெட்டது. வெட்டி எடுத்த இரண்டு துண்டுகள் இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் உடைகளின்மேலும் விரிப்பின்மேலும் விழும் வெயிற்பொட்டுகளை மொனே படிப்படியாகக் கரைக்கவில்லை. தட்டையான வெளிர் திட்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார். ஓவியம் முடியவில்லையே தவிர, பொட்டுக்கான தீர்வு அங்கே கிடைத்துவிட்டது.

வான்துளையைப் பற்றியும் ஒரு சொல். கிளைகளின் இடையே தெரியும் சிறு வானத்தை அப்படி அழைக்கிறோம். திறந்த வானத்துக்குக் கலந்த அதே நிறத்தை அதில் வைத்தால் துளை முன்னால் துருத்திக்கொண்டு, ஒட்டிய தாள்போலத் தோன்றும். சுற்றியுள்ள சிறு கிளைகளும் இலை விளிம்புகளும் அதன் ஒளியில் ஒரு பங்கை மறைப்பதால், துளை சிறுக்கச் சிறுக்க அதன் நிறத்தைத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும்.

4. ஒளிமதிப்பின் பற்றாக்குறை

ஒளிமதிப்பு என்பது ஒரு நிறம் வெண்மைக்கும் கருமைக்கும் இடையே எந்தப் படியில் நிற்கிறது என்ற அளவு. முழு வெயிலில் ஒளியின் செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அடர்ந்த இலைக்கூரையின் கீழ் அதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் எஞ்சும். வெயிற்பொட்டுக்கும் அதை ஒட்டிய ஆழ்நிழலுக்கும் இடையே பல பத்து மடங்கு வேறுபாடு உண்டு. சருகு, வேர், பாசி ஆகியவற்றின் சொந்த நிற வேறுபாடும் சேர்ந்தால் அது நூற்றுக்கணக்கான மடங்காகும். எண்ணெய் வண்ணத்தில் மிக வெளிரிய வெள்ளைக்கும் மிக ஆழ்ந்த கருமைக்கும் இடையே முப்பது மடங்கு கிடைத்தாலே அதிகம். காட்டின் ஒளியைப் படிக்குப் படி கித்தானில் ஏற்ற முடியாது என்பது இதனால் உறுதியாகிறது.

பழைய ஓவியர்கள் இந்தப் பற்றாக்குறையை நிழலைத் தியாகம் செய்து சமாளித்தார்கள்: முக்கால் பங்கு கித்தானைக் கரும்பழுப்பில் ஆழ்த்தி, ஓரிடத்தில் மட்டும் ஒளியைத் திறந்தார்கள். மனப்பதிவியர் கண்ட வழி வேறு. ஒளிமதிப்பால் காட்ட முடியாத தொலைவை அவர்கள் நிறத்தின் வெம்மை தண்மையால் ஈடுசெய்தார்கள். நிழலை உண்மையில் இருப்பதைவிட வெளிர்த்து வைத்து, நீலத்துக்கும் ஊதாவுக்கும் தள்ளினார்கள். வெயிலை மஞ்சளுக்கும் வெளிர்சிவப்புக்கும் தள்ளினார்கள். ஒளிமதிப்பில் அருகருகே நிற்கும் இரு நிறங்கள் வெம்மையால் விலகி நிற்கின்றன. காட்டு நிழல் ஊதாவாக இருக்கிறதே என்று அன்றைய பார்வையாளர்கள் நகைத்ததற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

இதற்கு அறிவியல் துணையாக அமைந்தது உடன்முரண் விதி: இரு நிறங்கள் பக்கத்தில் நிற்கும்போது ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளும். கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரேல் இதை விரித்து 1839-இல் நூலாக வெளியிட்டார். கறுப்பு நூல் கருமையாக இல்லை என்று வந்த குறையை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். கானகத்துக்கு இதன் பொருள் எளிது. சுற்றிலும் பச்சை சூழ்ந்திருக்க, சாம்பல்நிற பீச் அடிமரம் தானாகவே செம்மை கலந்த ஊதாவாகத் தெரியும். அந்த ஊதாவைச் சற்று மிகுத்து வைத்தால், தொடாமலே சுற்றியுள்ள பச்சை உயரும்.

5. பணியின் நிலைகள்

முதல் நிலை இடம் தேர்தல். கித்தானைப் பொறுத்தவரை, பிரெஞ்சு வணிகர்கள் விற்ற 15-ஆம் எண் அளவு, அதாவது 65 செ.மீ.க்கு 54 செ.மீ., கையில் எடுத்துச் செல்ல ஏற்றது. நேரத்தைப் பொறுத்தவரை, காலை எட்டு முதல் பத்து அல்லது மாலை நான்குக்குப் பின். சூரியன் சாய்ந்திருக்கும்போதுதான் ஊடொளி கண்ணுக்கு நேரே வரும். ஒரே அமர்வில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. பணி மிஞ்சினால் மறுநாள் அதே நேரத்துக்கு வரலாம். வேறு கித்தானைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே தொடரவும் செய்யலாம்.

இரண்டாம் நிலை வரைவு. கோபால்ட் நீலத்தில் சிறிது ஆழ்சிவப்பு சேர்த்து, டர்பன்டைனால் நீர்க்க விட்டு, அடிமரங்களின் நிற்பையும் அவற்றுக்கு இடைப்பட்ட வெளிகளையும் குறிக்க வேண்டும். அடிமரத்தை வரைவதைவிட இடைவெளியை வரைவது நல்லது. இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சமமாகிவிட்டால் காடு வேலியாகிவிடும்.

மூன்றாம் நிலை நான்கு ஒளிகளைப் பெருந்திட்டுகளாக வைத்தல். பணியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அமர்வின் பாதி நேரத்தை இதற்கே தர வேண்டும். நாம் கொள்ளும் வரிசை இது: முதலில் வானொளி படும் நிழல் முழுவதும், பிறகு ஊடொளிப் பச்சை, பிறகு எதிரொளி, கடைசியில்தான் நேரொளி. நிழலுக்கு விரிடியனும் ஆழ்சிவப்பும் கலக்கவும்; இரண்டும் எதிர்நிறங்கள் ஆதலால் ஏறக்குறையக் கறுப்பையே தரும், ஆனால் எந்தப் பக்கமும் சாய்க்கத்தக்க உயிருள்ள கறுப்பு. மொனேயின் சேன்-லசார் ரயில் நிலைய ஓவியத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அதன் புகைக் கருமைகள் பெரும்பாலும் இப்படிப் பளிச்சென்ற வண்ணங்களின் கலவையாகவே இருக்கக் காணப்பட்டன. ஊடொளிக்கு விரிடியனும் காட்மியம் மஞ்சளும்; இதில் வெள்ளை கூடாது, வெள்ளை சேர்ந்ததும் ஒளிர்வு சுண்ணாம்பாகிவிடும். தண்மைப் பச்சைக்குக் கோபால்ட் நீலமும் மஞ்சளும், வேண்டிய அளவு வெள்ளையும். இன்று ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டானியம் வெள்ளை பரவலாகிவிட்டது. ஈயம் நஞ்சு என்பதால் அது சரியே. ஆனால் டைட்டானியத்தின் மறைப்பு ஆற்றல் மிகுதி. ஈய வெள்ளைக்கு எழுதப்பட்ட கலவைகளில் அதைப் பாதியளவே எடுத்துத் தொடங்க வேண்டும்.

நான்காம் நிலை ஈரப்பூச்சு, அதாவது காயாத வண்ணத்தின்மேல் வண்ணம் வைத்தல். கை தயங்கினால் இரண்டும் கலந்து சேறாகும். தூரிகையை நிறைய ஏற்றி, ஒரே இழுப்பில் வைத்து, எடுத்துவிட வேண்டும். வைத்த தடத்தை மீண்டும் தடவக் கூடாது. அடிமரத்துக்கு நெடுக்குத்தடம், தரைக்குக் கிடைத்தடம், இலைத்திரளுக்குக் குறுகிய வளைதடம் என்பது பொதுவிதி. இவ்விதியை எங்கே மீறுவது என்பது அவரவர் கையின் பயிற்சி. வெயிற்பொட்டும் வான்துளையும் இந்நிலையின் இறுதியில், திண்பூச்சாக, அதாவது தடிப்பாக எழுந்து நிற்கும்படி வைக்கப்படும்.

ஐந்தாம் நிலை மறு அமர்வு. எண்ணெய் வண்ணம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. மெல்லிய பூச்சு சில நாளில் தொடத்தக்கதாகும்; திண்பூச்சு உள்ளே இறுக மாதங்கள் ஆகும். அதனால் கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேலே வெடிப்பு விழும். ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும் என்பதால் வெள்ளைக்கும் நீலத்துக்கும் கசகசா எண்ணெயை விரும்பினார்கள். அது மஞ்சளிப்பது குறைவு, காய்வது தாமதம்.

6. சான்று: பிசாரோவின் எருதுச் சரிவு, 1877

காமீய் பிசாரோ 1872 முதல் 1882 வரை பாரிஸுக்கு வடமேற்கே உள்ள பொந்துவாசில் வாழ்ந்தார். அதன் ஒரு பகுதியான எர்மிட்டாஜில், எருதுச் சரிவு என்று பொருள்படும் குன்றோரத்தை 1877-இல் அவர் தீட்டிய ஓவியம் லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 115 செ.மீ., அகலம் 88 செ.மீ. முன்னால் மெலிந்து உயர்ந்த மரங்கள் திரைபோல நிற்கின்றன. அவற்றின் ஊடே சரிவில் வீடுகள் தெரிகின்றன. இடப்பக்கப் பாதையில் நிற்கும் இருவரைப் பார்வையாளர் உடனே கண்டுகொள்வதில்லை.

அந்த இருவரை ஏன் காண்பதில்லை என்பதே நம் ஆய்வுக்குரிய கேள்வி. பொருள்வகையால் தீட்டுபவர் மனிதரை மனிதராகவும் புதரைப் புதராகவும் வேறுபடுத்தியிருப்பார். பிசாரோவோ இரண்டையும் ஒரே நிழலொளிக்குள் வைத்து, ஒரே தடத்தால் கட்டுகிறார். ஒளியில் ஒன்றானவை ஓவியத்திலும் ஒன்றாகின்றன. காட்டோரப் பாதையில் எதிரே வருபவர் நெருங்கிய பின்னரே நம் கண்ணில் படுவது இப்படித்தான். கூரைகள் தொலைவில் இருந்தும் தெளிவாகத் தெரிகின்றன. காரணம், மரங்களின் பின்னே அவை வேறோர் ஒளிவகைக்குள் நிற்கின்றன. அருகிலிருப்பது மறைந்து, தொலைவிலிருப்பது துலங்குகிறது.

இந்த ஓவியத்தின் மேற்பரப்பு மிகத் தடிப்பானது. தடத்தின்மேல் தடமாக, காய்ந்த பூச்சின்மேல் புதுப் பூச்சாக, பல அமர்வுகளில் எழும்பியிருக்கிறது. ஒரே மூச்சில் எழுதிய ஓவியம் என்று இதைச் சொல்வதற்கு வழியே இல்லை. நம் வரையறையில் விரைவைச் சேர்க்காததன் காரணம் இது. இலை அடர்ந்த கோடையை விட்டு, கிளைகள் பெரும்பாலும் வெறுமையாகத் தெரியும் பருவத்தை அவர் எடுத்துக்கொண்டதும் கவனிக்கத் தக்கது. ஊடொளி அறவே குறைந்துவிடுவதால் மீதி மூன்று ஒளிகளின் உறவு வெளிப்படுகிறது. பயில்வோர் கோடைக் காட்டில் தொடங்காமல் இலையுதிர்ந்த தோப்பில் தொடங்குவது நல்லது என்ற நம் பரிந்துரைக்கு இதுவே ஆதாரம்.

7. மெருகெண்ணெய் பூசுதல்

எஞ்சியிருப்பது ஒரு சிக்கல். காய்ந்த ஓவியத்தின்மேல் மெருகெண்ணெயாகிய வார்னிஷ் பூசுவது அக்காலக் கண்காட்சிகளின் வழக்கம்; பளபளப்பு வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. பிசாரோ உள்ளிட்ட மனப்பதிவியர் பலர் இதை விரும்பவில்லை. இதை வெறும் ரசனை வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. மெருகெண்ணெய் தடங்களுக்கு இடைப்பட்ட நுண்பள்ளங்களை நிரப்பி, சிதறும் ஒளியைக் குறைத்து, கருநிறங்களை மேலும் ஆழ்த்துகிறது. வெளிர்நிறங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. நான்காம் பிரிவில் கண்டபடி நிழலை வெளிர்த்து, நிறத்தால் விலக்கி வைத்த கணக்கு முழுவதும் இதனால் குலைகிறது: ஊதா நிழல் கறுக்க, ஓவியர் தவிர்த்த பழைய பழுப்புக் காடு பின்வாசல் வழியே திரும்புகிறது. ஆண்டுகள் செல்ல, மரப்பிசின் மெருகெண்ணெய் தானும் மஞ்சளித்து வானொளியின் நீலத்தைப் பச்சையாக்கும். அருங்காட்சியகங்களில் இவர்களுடைய கானகங்களைப் பார்ப்பவர், நிறத்தைப் பற்றி முடிவு சொல்லும் முன் ஓவியத்தின் பக்கவாட்டில் நின்று, மேற்பரப்பு மின்னுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னினால், நிழல்களின் ஆழத்தில் ஒரு பங்கு பின்னால் வந்தவர்களின் கைவேலையாக இருக்கக்கூடும்.